பிணைக்கு வந்த கொடிக்காரன்

நாட்டிங்ஹாம்
அக்டோபர் 8

டேம்சின்,

இங்கே நானும் அம்மாவும் சுகம். ஒரே சமையலறையில் ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிப்பதைச் சுகம் என்று சொல்லலாம் என்றால். சித்தியின் முழங்கால் எப்படி இருக்கிறது? விட்பியில் கடல்காற்று ஆரம்பித்திருக்குமே.

நீ கேட்டபடி உன் பெயரைப் பொம்மைப் படைச் சங்கத்தில் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த டெஸ்மண்ட் சிரித்தான். "யாரு, அந்த கஸ்டர்டு குள்ளன் பொண்ணா?" என்றான். சின்ன வயதில் நீ ஒரு குள்ளன் பொம்மையைக் கஸ்டர்டில் முக்கி எடுத்த மாதிரி பூசி வைத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. உனக்குப் பிரஷ் பிடிக்கக் காட்டிக் கொடுத்தவன் நான் என்பதால் அந்த அவமானத்தில் எனக்கும் பங்கு.

சவால் இதுதான். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு முழுப் படை. மாதம் ஓர் அணி. ஒட்டி, பூசி, அடித்தட்டில் மண் தூவி முடித்திருக்க வேண்டும். இரண்டிரண்டு பேராகச் சேர்ப்பார்கள். நீ என் ஜோடி. ஓர் அணி முடிந்ததும் அதிலிருந்து ஒருவனைப் பிணையாளாகத் தபாலில் ஜோடிக்கு அனுப்ப வேண்டும். முடித்ததற்கு அவன்தான் சாட்சி. போனில் படம் அனுப்புவது கூடாது, அதனால்தான் இந்தக் கடிதக் கூத்து. மே மாதம் காட்சி நாள். அன்றைக்குப் பிணையாட்களைத் திருப்பிக் கொண்டுவந்து அவரவர் அணியில் நிறுத்த வேண்டும். ஒருவன் குறைந்தாலும் அந்தப் படை மேஜை ஏறாது.

அன்று மிஸ் ஹெஸ்கெத் வருகிறாள். ஆண்டுக்கு ஒருவரைத் தன் பட்டறைக்கு எடுப்பாள். பொம்மைக்கு வண்ணம் பூசிச் சம்பளம் வாங்கும் வேலை. அங்கே ஒரு நாற்காலிக்காகத்தான் லீட்ஸில் படிப்பை விட்டேன் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். விட்ட பிறகுதான் நாற்காலி ஞாபகமே வந்தது; அதை நீ அவளிடம் உளறாதே. எனக்கு வேறு எதுவும் வராது, டேம்சி. இது மட்டும்தான் வரும்.

நான் குள்ளர் படை. நீ?

வில்ஃப்


விட்பி
அக்டோபர் 19

டேய் வில்ஃப்,

அம்மாவின் முழங்கால் படிக்கட்டைத் திட்டிக்கொண்டே ஏறி இறங்குகிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை, கை மட்டும் காய்த்துப் போயிருக்கிறது. படகுப் பட்டறையில் நாள் முழுக்கப் பழைய மீன்பிடிப் படகுகளின் வயிற்றைச் சுரண்டுவதுதான் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முடியிலிருந்து துரு கொட்டுகிறது. குளியல் தொட்டியைப் பார்த்து அம்மா, "கப்பலையே குளிப்பாட்டினியா?" என்கிறாள்.

கஸ்டர்டு குள்ளனை டெஸ்மண்ட் மறக்கவில்லை என்பது எனக்குப் பெருமைதான்.

என்னுடையது செத்த மாலுமிகளின் படை. கடலில் மூழ்கி, எலும்பாகி, திரும்பி நடந்து வருகிறவர்கள். உன் அளவுக்கு வராது, தெரியும். மேஜையில் ஓர் இடம் கிடைத்தால் போதும். நாற்காலி உனக்குத்தான்.

பெரியம்மாவோடு பேசு. நீயே முதலில் பேசு.

டேம்சின்


நாட்டிங்ஹாம்
நவம்பர் 24

டேம்சின்,

நலம். மழை. அம்மாவும் நலம், பாலை நகர்த்தி வைக்கச் சொன்னாள், நானும் நகர்த்தினேன், ஆக பேசிவிட்டோம்.

உன் முதல் பிணையாள் பத்திரமாக வந்து சேர்ந்தான், கோடாலி வைத்திருக்கும் எலும்பன். பெட்டியில் பஞ்சை நிறைய வைத்திருக்கிறாய், நல்லது. குறைகளைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. இடது காலில் அச்சு விட்டுப்போன வார்ப்புக் கோட்டைச் சுரண்டாமல் விட்டிருக்கிறாய். மண்டை ஓட்டில் வெள்ளை கெட்டியாக உட்கார்ந்துவிட்டது, இன்னும் தண்ணீர் விட்டிருக்க வேண்டும். அடித்தட்டின் விளிம்பில் பசை தெரிகிறது. முதல் முயற்சிக்குப் பரவாயில்லை.

வியாழக்கிழமை சங்கத்துக்கு எடுத்துப் போனேன். கை மாறி கை மாறிப் போய்த் திரும்பி வரவே நேரமாயிற்று. புதிதாகச் சேர்ந்தவர்கள் யாருடையது என்று கேட்டார்கள். ஊரில் ஒரு சொந்தக்காரப் பெண் என்று சொன்னேன்.

என் முதல் குள்ளனை இதோடு அனுப்புகிறேன். கவசத்தின் தங்கத்தை நல்ல வெளிச்சத்தில் பார்.

வில்ஃப்


விட்பி
டிசம்பர் 5

டேய் வில்ஃப்,

நலமே. அம்மா உன்னை விசாரித்தாள், நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று. ஆமாம் என்று புளுகிவிட்டேன்.

உன் குள்ளனை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். எப்படிடா அந்தத் தங்கம்? கவசத்தில் வானம் தெரிகிறது, கீழே தரை தெரிகிறது. அம்மா தொட்டுப் பார்த்து, "நெஜமாவே உலோகமா?" என்றாள். வெறும் பெயின்ட் என்றதும் நம்பவில்லை.

நீ சொன்ன குறைகள் எல்லாம் சரி. கோட்டைச் சுரண்டிவிட்டேன், வெள்ளையில் தண்ணீர் சேர்த்தேன். ஆனால் நீ கோடாலியைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அந்தத் துருவுக்குத்தான் நான் மெனக்கெட்டேன். சுமார் என்றால் சுமார் என்றே எழுது, எனக்கு ஒன்றும் ஆகாது.

டேம்சின்


நாட்டிங்ஹாம்
ஜனவரி 20

டேம்சின்,

புத்தாண்டு வாழ்த்து, தாமதமாக. இருமல், மற்றபடி நலம்.

இரண்டாவது பிணையாளும் மூன்றாவது பிணையாளும் வந்தார்கள். கோடுகள் இல்லை. வெள்ளை சரி. இரண்டாமவனான சமையல்காரனின் கையில் கரண்டி கொஞ்சம் கோணல். மூவரையும் என் மேஜையில் என் குள்ளர்களுக்கு எதிரே நிறுத்தியிருக்கிறேன். வேறு இடம் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று ஒன்று நடந்தது. அம்மா என் அறைக்குள் வந்தாள், மாதக்கணக்கில் வராதவள். மேஜையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உன் சமையல்காரனை எடுத்தாள். "இது ரொம்ப நல்லாருக்குடா. இதுக்காகத்தான் படிப்ப விட்டேன்னா, சரி, எனக்குப் புரியுது" என்றாள்.

அவனை வாங்கி அதே இடத்தில் வைத்தேன்.

அதிலிருந்து அவள் என்னோடு சகஜமாகப் பேசுகிறாள்.

வில்ஃப்


விட்பி
மார்ச் 2

டேய் வில்ஃப்,

அம்மாவும் நானும் சுகம். உன் இருமல் போயிற்றா?

பெரியம்மா சொன்னதை இரண்டு தடவை படித்தேன். அது யாருடையது என்று அவளிடம் சொன்னாயா என்று நீ எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

இந்தப் பெட்டியில் கொடிக்காரன் வருகிறான். படையிலேயே நான் அதிகம் உழைத்தது இவனிடம்தான். கிழிந்த பாய்மரத் துணிதான் கொடி, மார்பில் துருப்பிடித்த சங்கிலி. கவனமாகப் பிரி. போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுது. இவன் இல்லாமல் படை இல்லை.

டேம்சின்


விட்பி
மார்ச் 29

வில்ஃப்,

நலமா? இவ்வளவு நாளாக உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பெரியம்மாவுக்குப் போன் செய்தேன். நீ நலம்தான், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்கிறாய், சாப்பாட்டுக்குக்கூட வருவதில்லை என்றாள். நல்லது. உன் நான்காவது பிணையாள் இன்னும் வரவில்லையே?

கொடிக்காரன் வந்தானா இல்லையா? அதை மட்டும் சொல்.

டேம்சின்


நாட்டிங்ஹாம்
ஏப்ரல் 12

டேம்சின்,

நலம். வந்தான். வேலை அதிகம், அதனால்தான் எழுதவில்லை.

காட்சி நாளன்று நேராக மண்டபத்துக்கு வந்துவிடு, வீட்டுக்கு வராதே, உனக்கு அலைச்சல். உன் பிணையாட்களை நானே கொண்டுவந்து வரிசையில் நிறுத்திவிடுகிறேன்.

சித்திக்கு என் அன்பு.

வில்ஃப்


விட்பி
மே 15

வில்ஃப்,

அம்மா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

காட்சி நாளில் நாம் சரியாகப் பேசவே இல்லை. எல்லோரும் தங்களுக்குப் பிடித்த படையின் முன்னால் ஓட்டாக ஒரு பகடையை வைத்துக்கொண்டே போனார்கள். என் படை முன்னால் குவிந்தது. உன் படையைப் பார்த்தபோது எனக்குத் திக்கென்றது. கடைசி அணியில் பாதிப் பேருக்கு முகமே இல்லை, வெறும் பிரைமர் அடிப்பூச்சு. நீ போய் அப்படி விடுவாயா? கேட்டேன். "நேரம் ஆயிருச்சு" என்றாய், டெஸ்மண்டிடம் பேசப் போய்விட்டாய்.

பிறகு ஹெஸ்கெத் என் மேஜைக்கு வந்தாள். மற்றவர்களைக் கண்ணால் மட்டும் பார்த்தாள். கொடிக்காரனை மட்டும் கையில் எடுத்தாள். "இந்தப் படையில இவன் ஒருத்தன் போதும். இவன மாதிரியே இன்னொருத்தன பண்ணி எடுத்துட்டு வா, நாற்காலி உன்னுது" என்றாள். நீ பக்கத்தில்தான் நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். பாவமாகக்கூட இருந்தது.

வீட்டுக்கு வந்து மாதிரிக்காக அவனைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். கையில் வெயிட்டே இல்லை. என் ஆட்கள் எல்லோருக்கும் அடித்தட்டுக்குள் படகுப் பட்டறையின் இரும்பு வாஷர் ஒன்றை ஒட்டுவேன், சாயாமல் நிற்பதற்காக. இவனுக்கு இல்லை.

பிறகு விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். இவன் நான் பூசியவன் இல்லை, வில்ஃப். என் கை மாதிரியேதான் இருக்கிறது, ஆனால் நான் இல்லை. பாய்மரத் துணியின் மடிப்புக்குள் ஈரம் தெரிகிறது. எனக்கு அது வராது. ஒரு வாரமாக உட்கார்ந்து பார்க்கிறேன், வரவே இல்லை.

என்னுடையவன் எங்கே என்பதைவிட எனக்குப் பெரிய எரிச்சல் எது தெரியுமா? இவன் அவனைவிட நன்றாக இருக்கிறான்.

டேம்சின்


நாட்டிங்ஹாம்
மே 19

டேம்சின்,

சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நீ நன்றாக இரு.

உன் ஆள் கரைந்துவிட்டான். நான்தான் கரைத்தேன்.

அந்தத் துரு. நவம்பரிலிருந்து எதிரே நின்று அது என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. என்னிடம் இருக்கிற எல்லாப் பழுப்பையும் எல்லா ஆரஞ்சையும் கலந்து பார்த்தேன். பெயின்டாகத்தான் இருந்தது, துருவாகவில்லை. உன்னைக் கேட்டிருக்கலாம். உனக்குப் பிரஷ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான், நானா கேட்பேன்?

கொடிக்காரன் வந்த அன்று கையில் வாங்கினேன். கனமாக இருந்தான். பழைய ஈய வார்ப்பு என்று நினைத்துவிட்டேன், வாஷர் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? ஈயம் என்றால் நெயில் பாலிஷ் ரிமூவரில் போட்டால் பெயின்ட் மட்டும் ஏடு ஏடாகக் கழன்று வரும். அடியில் என்ன பூசியிருக்கிறாய், மேலே என்ன என்று பார்த்துவிட்டு, திரும்பப் பூசி வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அவன் பிளாஸ்டிக். அம்மா கூப்பிட்டாள், கீழே போய் வந்தேன். ஜாடியில் சூயிங்கம் மாதிரி ஒன்று கிடந்தது. அடியில் சிட்டிகை செம்பொடி. விரலால் தேய்த்துப் பார்த்தேன். நிஜத் துரு. நீ படகிலிருந்து சுரண்டியது. அதைத்தான் இத்தனை மாதமாக நான் பெயின்டில் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டெஸ்மண்டிடம் அதே ஆள் ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. கெஞ்சி வாங்கினேன். அந்தப் பொடியையே கழுவிப் போட்டேன். உன் மற்ற மூவரையும் எதிரே வைத்துக்கொண்டு, நீ எங்கே அழுத்துவாய், எங்கே சலித்துப்போய் விடுவாய், எல்லாம் பார்த்துப் பார்த்துப் பூசினேன். உனக்குத் தெரியக் கூடாது, அது ஒன்றுதான் குறி. என் குள்ளர்களுக்கு முகம் இல்லாமல் போனது அதனால்தான்.

மன்னிப்பெல்லாம் எனக்கு எழுத வராது. ஆனால் இதை எழுத வரும். அவள் கையில் எடுத்தது என் வேலை. அந்த நாற்காலி என்னுடையது. உன் படையில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். அதை அவளிடம் நீ சொல்.

வில்ஃப்


விட்பி
ஜூன் 4

வில்ஃப்,

அம்மா நலம். அவளிடம் எதையும் சொல்லவில்லை, பெரியம்மாவிடம் போய்விடும் என்பதால்.

உன் கடிதத்தைக் குப்பையில் போட்டேன். மறுநாள் எடுத்தேன். போன வாரம் நாட்டிங்ஹாமுக்கு ரயிலேறி வந்தேன். உனக்குச் சொல்லவில்லை, உன்னைப் பார்த்திருந்தால் அடித்திருப்பேன்.

ஹெஸ்கெத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி உட்பட. அவள் கொடிக்காரனையும் என் சமையல்காரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தாள். நீ நேர்மை இல்லாதவன், வேண்டாம் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்று ஆசைப்பட்டேன், ஒளிப்பானேன். அவள் சிரித்தாள்.

"உன் கையில உன்னோடது மட்டும்தான் வரும். இவனப் பூசினவன் கையில யாரோடது வேணாலும் வரும். எனக்கு வேண்டியது அவன்தான். வரச் சொல்லு" என்றாள்.

சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை போ.

கொடிக்காரனை இதோடு அனுப்பியிருக்கிறேன். என் படையில் அவனை வைத்துக்கொள்ள முடியவில்லை. பார்க்கும்போதெல்லாம் மற்றவர்கள் மட்டமாகத் தெரிகிறார்கள்.

டேம்சின்


நாட்டிங்ஹாம்
செப்டம்பர் 14

அன்புள்ள டேம்சின்,

நீ பதில் போடாவிட்டாலும் எழுதுகிறேன். அம்மா நலம், நான் வேலைக்குப் போகிறேன் என்று தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டாள். சித்தியின் முழங்காலில் ஊசி போட்டதாகக் கேள்விப்பட்டேன், தேவலையா?

வேலை எப்படி என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நீளமான அறை, ஜன்னலோரம் எங்கள் மேஜைகள். ஹெஸ்கெத் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மாதிரி ஆளை வைப்பாள். அவனைப் போலவே ஒரு படை முழுக்கப் பூச வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் திருப்பி வரும். என்னுடையது இதுவரை ஒன்றுகூடத் திரும்பவில்லை. மற்றவர்களுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. பிடித்திருந்தது, இந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை புது மாதிரி வந்தான். துணியை விலக்கிப் பார்த்தேன். மூழ்கிய மணியடிப்பவன், தோளில் கயிறு, கையில் துருப்பிடித்த மணி. கையில் எடுத்தேன், கனமாக இருந்தான். யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஜூனிலிருந்தே மாதம் ஒருவனை அவளுக்குப் பூசி அனுப்புகிறாயாமே. உன் இஷ்டத்துக்கு, உன் வீட்டில், எவனையும் பார்த்துக் காப்பியடிக்காமல். நீ சொல்லவில்லை. நானும் உன் இடத்தில் இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போது அறை முழுக்க உன் மணியடிப்பவனைப் பூசிக்கொண்டிருக்கிறோம். பக்கத்து மேஜைக்காரி அந்தத் துரு வராமல் திணறுகிறாள். நான் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்றைக்கு என் முதல் ஆளை முடித்தேன். ஹெஸ்கெத் வந்தாள். அவனையும் உன்னுடையவனையும் ஜோடியாக நிறுத்திக் குனிந்து குனிந்து பார்த்தாள். தூக்கிப் பார்க்கவில்லை. பிறகு என்னையே கேட்டாள், "இதுல எதுப்பா அவளோடது?"

என்னுடையதைக் காட்டினேன்.

வில்ஃப்